சிஸ்டம் அட்மின் புத்தகம் எழுதியவர்கள் எங்கே வேலை பார்த்தவர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16 வருடமாகச் சர்வர் பார்க்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. இந்தப் புத்தகத்தைப் படி என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் அடுத்த நிமிடமே, "இவர் என்ன சார் படிச்சிருக்கார், எங்கே வேலை பார்த்தார்?" என்று கேள்வி வரும். புத்தகத்தைப் பிரிக்காமல் எழுதியவரின் ஜாதகத்தைப் பார்க்கிறார்களே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்கதானே சார் இதையெல்லாம் எழுதியிருப்பாங்க?

சிலர் அப்படி, பலர் அப்படி இல்லை. ஈவி நெமெத் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் முதலில் படித்தது ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங். மார்க் பர்ஜெஸ் கோட்பாட்டு இயற்பியல்காரர். டாம் லிமன்செல்லி மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு நேராக இந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு.

காரணம் எளிது. 1970களிலும் 80களிலும் சிஸ்டம் அட்மின் என்று ஒரு படிப்பே கிடையாது. ஆய்வகத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ ஒரு மெஷின் வந்து இறங்கும். அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். யார் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்களோ அவர்கள் கைக்கு மெஷினில் எதையும் செய்ய விடும் ரூட் பாஸ்வேர்டு போனது. அப்படி மாட்டிக்கொண்டவர்களில் எழுத வந்தவர்கள்தான் முதல் தலைமுறை ஆசிரியர்கள்.

எல்லாரும் நெமெத் புக், நெமெத் புக்னு சொல்றாங்களே, அவங்க யாரு?

ஈவி நெமெத் 1971இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் ஃபுளோரிடாவில் பாடம் எடுத்துவிட்டு 1980இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் போல்டர் வளாகத்துக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியராகப் போனார். 1983 முதல் 86 வரை அங்கே கல்லூரியின் கணினி மையத்தை நடத்தியதும் அவரே. என் கணக்கில் அந்தப் புத்தகத்தின் வேர் இந்த மூன்று வருடங்களில் இருக்கிறது. பாடம் எடுப்பவர் மெஷினையும் ஓட்ட வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பணம் இல்லை, எனவே மாணவர்களையே அட்மின்களாகப் பழக்கினார். நெமெத் புக் என்று சொல்கிறார்களே, யூனிக்ஸ் இயங்குதளம் பற்றிய அந்த யூனிக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் ஹேண்ட்புக் 1989இல் வந்தபோது கூட எழுதிய கார்த் ஸ்னைடரும் ஸ்காட் சீபாஸும் அவரிடம் அப்படிப் பழகியவர்கள்தான்.

அதனால்தான் அந்தப் புத்தகம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரு அக்கா சொல்லிக்கொடுப்பது மாதிரி இருக்கும். இதைச் செய்யாதே, நாங்கள் செய்து பட்டோம், இந்த கமாண்ட் இந்த யூனிக்ஸில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று போகும். நடுவில் கிண்டலும் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு நெமெத் கடலில் பாய்மரப் படகு ஓட்டக் கிளம்பிவிட்டார். 2013இல் நீனா என்ற பழைய பாய்மரக் கப்பலில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். ஜூன் மாதத் தொடக்கத்தில் டாஸ்மன் கடலில் புயலில் சிக்கிய அந்தக் கப்பல் கிடைக்கவே இல்லை. 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் திறந்தால் முன்பக்கங்களில் அவருக்கு ஒரு அஞ்சலி இருக்கும், அதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

கூட எழுதினவங்களும் புரொஃபசரா?

இல்லை. ஆளுக்கு ஒரு வழி. கார்த் ஸ்னைடர் பொறியியல் படித்து, நெக்ஸ்ட், சன் ஆகிய கம்பெனிகளில் வேலை பார்த்து, அதற்குப் பிறகு மருத்துவப் பட்டமும் எம்பிஏவும் வாங்கியவர். ஆம், டாக்டர். பிறகு சேர்ந்த ட்ரென்ட் ஹைன் போல்டரிலேயே சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கியவர்களில் ஒருவர்.

வானியல் ஆய்வகத்துல இருந்து நிறைய பேர் வந்தாங்களாமே, நட்சத்திரத்துக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய பேர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறக்க முடியாத இரண்டு பேர் உண்டு. ஒருவர் மேலே சொன்ன ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்துக்கு வெளியே மலைமேல் இருக்கும் கிட் பீக் தேசிய வானோக்கு மையத்தில் 1975 முதல் 82 வரை புரோகிராமராக இருந்தார். வேலை பார்த்துக்கொண்டே அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தையும் முடித்தார். பிறகு கனெக்டிகட்டில் ஒரு மருத்துவத் தகவல் நிறுவனத்தில் கணினிச் சேவைகளுக்குத் துணைத்தலைவர். 1990இல் அதை விட்டுவிட்டு டூசானுக்கே திரும்பி முழுநேரம் எழுதினார். 1999இல், 48 வயதில் இறந்துபோனார்.

அவர் எழுதியவை நேரடியாக அட்மின் புத்தகங்கள் இல்லை, நெட்வொர்க் நிரலாக்கமும், இணையத்தில் தகவல் போய்வரும் விதிகளான டிசிபி/ஐபியும். ஆனால் நெட்வொர்க்கில் சிக்கல் வந்தால் இன்றும் நான் எடுப்பது 1994இல் வந்த டிசிபி/ஐபி இலஸ்ட்ரேட்டட் முதல் தொகுதியைத்தான். அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உதாரணங்களுக்காக அவர் கற்பனை நெட்வொர்க் எதையும் வரையவில்லை. சன், பிஎஸ்டிஐ, எஸ்விஆர்4 என்று பெயர் வைத்த நிஜ மெஷின்கள், அவற்றுக்கு நடுவில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி நேரத்தோடு பிடித்த பாக்கெட்டுகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்த மெஷின்களின் டொமைன் பெயரைப் பார்த்தால் அமெரிக்க வானோக்கு அமைப்பின் பெயர் இருக்கும். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆன பிறகும் நெட்வொர்க் முகவரி பழைய ஆபீஸ் வழியாகவே வந்திருக்கிறது, நம் ஊரில் பழைய ரேஷன் கார்டு முகவரி ஒட்டிக்கொண்டே வருவது மாதிரி.

இன்னொருவர் கிளிஃப் ஸ்டோல். இவரும் அரிசோனாவில் முனைவர் பட்டம் வாங்கிய வானியலாளர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வானியல் வேலைக்கான நிதி தீர்ந்ததும் அவரைக் கணினி மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 1986இல் கணக்கில் 75 சென்ட் இடித்தது. கம்ப்யூட்டர் நேரத்துக்குத் துறைவாரியாகப் பணம் வசூலிக்கும் காலம் அது. யாரோ ஒருவர் பயன்படுத்திய சில விநாடிகளுக்குக் கணக்கு இல்லை. விட்டுத்தொலை என்று போகாமல் அதைப் பிடித்து இழுத்ததில், அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் ஜெர்மனியிலிருந்து நுழைந்துகொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய் நின்றது. 1989இல் அதைப் புத்தகமாக எழுதினார். அளவீட்டில் சின்னப் பிழையைக்கூட விடாத பழக்கம் வானியலிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன், லாக் புத்தகத்தில் எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைத்தாரே அந்தப் பழக்கமும்.

அனுபவம் அனுபவம்னு சொல்றீங்களே, அது புத்தகத்துல எங்கே தெரியும்?

டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் ஏற்பாடு, அதைப் படிப்பவர்கள் எல்லாரும் கிரிக்கெட் லியூவும் பால் ஆல்பிட்ஸும் எழுதிய டிஎன்எஸ் அண்ட் பைண்ட் புத்தகத்தை ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள். 1992இல் முதல் பதிப்பு. லியூ பெர்க்லியில் படித்துவிட்டு ஹியூலெட்-பேக்கர்டில் சேர்ந்தவர். 1989 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதில் ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தின் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் வெள்ளம். அதுவரை ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியின் டொமைன் நிர்வாகம் அப்படியே தலைமை அலுவலகத்துக்கு வந்து சேர, அது லியூவின் மடியில் விழுந்தது. மூன்று வருடத்துக்கு மேல் அதைப் பார்த்தார்.

புத்தகத்தை இந்தக் கதையோடு சேர்த்துப் படியுங்கள். முதன்மை சர்வர் போனால் என்ன, இரண்டாவது சர்வரை எங்கே வைப்பது, ஒரே கட்டடத்தில் இரண்டையும் வைத்தால் என்ன ஆகும், நம் டொமைனுக்கு மேலே இருக்கும் பெற்றோர் மண்டலத்தில் தகவல் பழசாகக் கிடந்தால் எந்த மாதிரிப் பிழை வரும் என்று எத்தனை இடத்தில் கவலைப்படுகிறார்கள் பாருங்கள். ஒரு பெரிய கம்பெனியின் டொமைன் தன் கையில் கிடந்த நாட்கள் இல்லாமல் இப்படிக் கவலைப்பட வராது.

இன்னொரு உதாரணம் லிமன்செல்லி. பெல் லேப்ஸில் அட்மினாக இருந்தவர், பிறகு கூகுளிலும், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் இணையதளத்திலும் (பங்குச் சந்தை இல்லை) வேலை பார்த்தவர். அட்மின்களுக்கான நேர மேலாண்மை பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஒரு யோசனை. காலையில் உங்களுக்கு வரும் தொந்தரவை எல்லாம் சகா வாங்கிக்கொள்ளட்டும், மதியம் அவருக்கு வருவதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் அரைநாள் நிம்மதி. "சார் பிரிண்டர் வரல" என்று நாளுக்கு 20 தடவை தோளைத் தட்டப்பட்டவருக்குத்தான் இது தோன்றும்.

புரொஃபசர் எழுதினா ஏட்டுச் சுரைக்காய் ஆயிடாதா?

ஆகலாம். நெமெத் விஷயத்தில் ஏன் ஆகவில்லை என்று மேலே சொல்லிவிட்டேன். மார்க் பர்ஜெஸ் கதை கொஞ்சம் வேறு. பிரிட்டனில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஆஸ்லோவுக்கு ஆய்வுக்காகப் போனவர். அங்கே பல வகையான யூனிக்ஸ் மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட். ஒவ்வொரு மெஷினிலும் கைவைத்து அலுத்துப்போய் எல்லா மெஷின்களின் அமைப்பையும் தானாகவே சரிசெய்து வைக்கும் சிஎஃப்இன்ஜின் என்ற கருவியை 1993இல் எழுதினார். இன்று நீங்கள் பப்பெட், ஆன்சிபிள் என்று ஓட்டுகிறீர்களே, அந்தக் குடும்பத்தில் பாட்டன் அது. பிறகு ஆஸ்லோவில் நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்துக்கே பேராசிரியர் ஆனார்.

அவர் புத்தகங்கள் எளிதில்லை, சமன்பாடு வரும், சில அத்தியாயங்களை நானே பாதியில் மூடியிருக்கிறேன். ஆனால் கருவியைச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் தத்துவத்தை எழுதியவர். எந்த மெஷினுக்கும் ரூட் பாஸ்வேர்டு வைத்திருக்காதவர் எழுதினால்தான் சுரைக்காய்.

இந்தத் துறையில எழுதற பெண்கள் குறைவுதானே?

எழுதிய முதல் வரிசையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நெமெத்தைப் பார்த்தோம். 1991இல் எசென்ஷியல் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் எழுதிய ஐலீன் ஃப்ரிஷ் பல வகை மெஷின்களை வருடக்கணக்கில் மேய்த்தவர், மூலக்கூறுகளைக் கணினியில் கணக்கிடும் முறைகளைப் பற்றிய ஒரு வேதியியல் புத்தகத்துக்கும் இணை ஆசிரியர். எலிசபெத் ஸ்விக்கி ஃபயர்வால் பற்றிய புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர், அட்மின் வேலையிலிருந்து வந்தவர்.

எனக்குப் பிடித்த ஆள் கிறிஸ்டினா ஹோகன். லிமன்செல்லியோடு சேர்ந்து 2001இல் தி பிராக்டிஸ் ஆஃப் சிஸ்டம் அண்ட் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷன் எழுதியவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கணிதத் துறையில் அட்மினாகத் தொடங்கினார். பிறகு வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம். பிறகு ஆறு வருடம் ஃபார்முலா ஒன் கார் பந்தய அணி ஒன்றில் காற்றியக்கவியல் நிபுணர். 1988 செஸ் ஒலிம்பியாடில் அயர்லாந்துக்காக ஆடியவரும்கூட. ஒரு ஆளுக்கு எத்தனை பயோடேட்டா!

எழுதத் தெரிஞ்சவங்களுக்கு வேலை தெரியாது, வேலை தெரிஞ்சவங்களுக்கு எழுத வராது, சரிதானே?

பாதி சரி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தொழில்முறை எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். விலங்குப் படம் போட்ட அட்டைகளால் எல்லாருக்கும் தெரிந்த ஓ'ரெய்லி பதிப்பகத்தைத் தொடங்கிய டிம் ஓ'ரெய்லி ஹார்வர்டில் படித்தது கிரேக்க, லத்தீன் இலக்கியம். 1970களின் கடைசியில் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதிக்கொடுக்கும் தொழிலில் இறங்கி, பிறகு சொந்தமாகவே கையேடுகளைப் போட ஆரம்பித்தார்.

சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்வது பற்றிய கூகுளின் சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் புத்தகத்தை எடுங்கள், 2016இல் வந்தது. தொகுத்தவர்கள் நான்கு பேர். பெட்சி பேயர் தொழில்நுட்ப எழுத்தாளர், படித்தது சர்வதேச உறவுகளும் ஆங்கில இலக்கியமும், முன்பு ஸ்டான்ஃபோர்டில் தொழில்நுட்ப எழுத்து சொல்லிக்கொடுத்தவர். ஜெனிஃபர் பெடாஃப் வேதியியலில் முனைவர், வேதித் தொழில்துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நியல் மர்ஃபி கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதத்தோடு கவிதையிலும் பட்டம் வாங்கியவர். கிறிஸ் ஜோன்ஸ் கணினிப் பொறியியலோடு பொருளாதாரமும் படித்தவர். உள்ளே உள்ள அத்தியாயங்களை எழுதியவர்கள் அந்தந்த வேலையைப் பார்த்த இன்ஜினியர்கள். வேலை பார்த்தவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிடுங்கி எழுதினால் நல்ல புத்தகம் வரும். பிடுங்கும் ஆள் இல்லாவிட்டால் "இது வெளிப்படையானது" என்று ஆசிரியர் தாண்டிப் போன இடத்தில்தான் நீங்கள் ராத்திரி 2 மணிக்கு முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

விண்டோஸ் பக்கம் இப்படி யாரும் இல்லையா சார், எல்லாம் யூனிக்ஸ் கதையாவே இருக்கே?

இருக்கிறார்கள், ஆனால் வழி கொஞ்சம் வேறு. யூனிக்ஸில் மூலக்கோப்பு பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது, அதனால் மெஷின் ஓட்டியவர்களே எழுதினார்கள். விண்டோஸ் மூடிய பெட்டி. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மார்க் ருஸ்ஸினோவிச் கார்னகி மெல்லனில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிரைஸ் காக்ஸ்வெல்லோடு சேர்ந்து 1996இல் சிஸ்இன்டர்னல்ஸ் தொடங்கி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவிகளை இலவசமாகக் கொடுத்தார். 2005இல் சோனி இசைத் தட்டுகளில் ஒளிந்திருந்த ரூட்கிட்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் தெரியாமல் பதுங்கும் நிரலை, வெளியே கொண்டுவந்ததும் அவர்தான். அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் அவர்களையே வாங்கிவிட்டது. அவரோடு விண்டோஸ் இன்டர்னல்ஸ் எழுதிய டேவிட் சாலமன் அதற்கு முன் டிஜிட்டல் கம்பெனியில் விஎம்எஸ் இயங்குதளத்தில் வேலை பார்த்தவர். விண்டோஸ் என்டியை வடிவமைத்த டேவ் கட்லரும் அதே விஎம்எஸ்ஸிலிருந்து வந்தவர், எனவே சாலமனுக்கு அது பழகிய வீடு மாதிரி இருந்திருக்கும்.

கம்பெனிக்காரரே தன் கம்பெனி சமாசாரத்தைப் பத்தி எழுதினா நம்பலாமா?

உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் கிடைக்கும், குறையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். எனவே எது எப்படி இயங்குகிறது என்பதற்கு அவரை நம்புங்கள், எதை வாங்குவது என்பதற்கு வேறு யாரையாவது கேளுங்கள். கணினியின் வேகத்தை அளப்பது பற்றி எழுதும் பிரெண்டன் கிரெக் சன், ஜாயன்ட், நெட்ஃபிளிக்ஸ், இன்டெல் என்று கம்பெனி மாறிக்கொண்டே போனவர். அவர் எழுத்தில் அளக்கும் முறைதான் முன்னால் நிற்கும், பொருள் பின்னால் போய்விடும். சன்னில் இருந்தபோது ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்குகளின் முகத்துக்கு நேராகக் கத்தி, அந்த அதிர்வில் தாமதம் எகிறுவதைத் திரையில் காட்டிய வீடியோ ஒன்று உண்டு. தன் கம்பெனிப் பெட்டியைப் பார்த்துத் தானே கத்தத் துணிந்தவரை நான் நம்புவேன்.

அப்போ பெரிய கம்பெனி பேர் இருந்தா புத்தகத்தைக் கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

வாங்குங்கள், கண்ணைத் திறந்துகொண்டு. இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். மேலே சொன்ன கூகுள் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்போது நான் வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் எரர் பட்ஜெட் அட்டவணை போட்டேன். எவ்வளவு நேரம் சேவை விழலாம் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அதற்குள் இருக்கும்வரை புது மாற்றங்களை விடுவது, அதுதான் எரர் பட்ஜெட். எங்களிடம் 14 சர்வர், நாங்கள் மூன்று பேர். திங்கட்கிழமை தோறும் மீட்டிங். ஆறாவது வாரம் பில்லிங் சர்வரில் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றது, பழைய லாக் கோப்புகளைச் சுழற்றும் வேலையை யாரும் போட்டிருக்கவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

புத்தகத்தில் தப்பு இல்லை. ஆயிரக்கணக்கில் மெஷின் வைத்திருப்பவர்கள், செயல்பாட்டு வேலை பாதி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மீதியில் நிரல் எழுத வேண்டும் என்று விதி வைக்க முடிந்தவர்கள், தங்கள் இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதை என் 14 சர்வருக்கு அப்படியே மாட்டியது நான்.

சரி, ஆசிரியர் குறிப்பை எப்படித்தான் படிக்கறது?

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. எந்த மாதிரி இடத்தில், யாருக்காக மெஷின் பார்த்தார்? பல்கலைக்கழகத்தில் பார்த்தவருக்குப் பணம் இருக்காது, பயனர்கள் குறும்புக்கார மாணவர்கள், மெஷின் பத்து வகை. அதனால் அவர் புத்தகம் இலவசக் கருவியும் வேறுபாடுகளும் பற்றி நிறையப் பேசும். பெரிய கம்பெனியில் பார்த்தவர் டிக்கெட், அனுமதி, மேலாளர், மாற்றத்துக்கான நேரம் என்று எழுதுவார். அரசு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் நிதானமாக, அடிப்படையிலிருந்து கட்டுவார்கள். டிசிபி/ஐபி நெட்வொர்க் நிர்வாகம் எழுதிய கிரெய்க் ஹன்ட் ஹனிவெல்லில் ராணுவ நெட்வொர்க்கில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனத்துக்குப் போனவர், படித்தால் அந்த நிதானம் தெரியும். ஆலோசகர்கள் எழுதினால் ஆடிட் வாடை அடிக்கும்.

உங்கள் இடம் எதை ஒத்திருக்கிறதோ அந்த மாதிரி இடத்திலிருந்து வந்தவரை முதலில் படியுங்கள். 40 பேர் ஆபீஸில் தனி ஆளாக எல்லாவற்றையும் பார்ப்பவருக்கு நெமெத்தும் லிமன்செல்லி-ஹோகனும் போதும், மற்றதெல்லாம் பிறகு. பழைய பதிப்பு கிடைத்தாலும் தள்ளாதீர்கள், கமாண்டுகள் மாறியிருக்கும், ஆட்களைச் சமாளிக்கும் அத்தியாயங்கள் மாறவில்லை.

இதுல காசு வருமா சார்?

புத்தகத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஸ்டீவன்ஸ் 1990க்குப் பிறகு எழுத்தை நம்பியே வந்தார், பக்கங்களை டிராஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் கொண்டு தானே அச்சுக்கோத்தும் கொடுத்தார். ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, எஸ்எஸ்ஹெச் பற்றியெல்லாம் எழுதும் மைக்கேல் டபிள்யூ. லூகாஸ் நெட்வொர்க் அட்மினாக இருந்து முழுநேர எழுத்தாளர் ஆனவர், சொந்தப் பதிப்பகமும் வைத்திருக்கிறார், நாவலும் எழுதுகிறார். மற்றவர்களுக்குப் புத்தகம் ஒரு விசிட்டிங் கார்டு மாதிரி. அதை வைத்து நல்ல வேலை, ஆலோசனை, பயிற்சி வகுப்பு என்று வரும்.

தமிழ்ல இப்படி எழுதறவங்க இருக்காங்களா?

உண்டு. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாகக் கட்டற்ற மென்பொருள் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார்கள். அதில் து. நித்யா எழுதிய எளிய தமிழில் க்னூ/லினக்ஸ் இரண்டு பாகம், இலவச மின்னூல். அவர் அட்மின் வேலையிலிருந்து வந்தவர் இல்லை, டேட்டா வேர்ஹவுஸ் டெஸ்டிங்கில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். கமாண்டைச் சொல்லிவிட்டு உடனே அது என்ன காட்டும் என்று காட்டிவிடுகிற பழக்கத்தை நான் டெஸ்டர் புத்தி என்று நினைத்துக்கொள்வேன். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுக்கிறேன்.

எனக்கு மூணு வருஷ அனுபவம்தான், நான் எழுதினா யார் சார் படிப்பாங்க?

லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் கைடை எழுதத் தொடங்கிய லார்ஸ் விர்ஸேனியஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸோடு கூடப் படித்த மாணவர். நெட்வொர்க் பக்கத்தை எழுதிய ஓலாஃப் கிர்ஷ் கணிதம் படித்தவர். லினக்ஸே அப்போது நடக்கப் பழகும் குழந்தை, யாருக்கும் பத்து வருட அனுபவம் இருக்க வழியில்லை. எல்லாரும் எடுத்துப் படிக்கட்டும் என்று இலவசமாக விட்டார்கள், கிர்ஷ் எழுதியதை 1995இல் ஓ'ரெய்லி அச்சிலும் போட்டது. உங்கள் மூன்று வருடம் அதிகம்தான்.

எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

உங்களிடம் மூன்று தடவைக்கு மேல் யாராவது கேட்டது எதுவோ அதிலிருந்து. போன வருடம் எங்கள் குழுவில் ஒரு தம்பி, சேர்ந்து எட்டு மாதம்தான், விபிஎன் சான்றிதழைப் புதுப்பிப்பது பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்தான். கமாண்டுகள் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவைதான். ஆனால் நடுவில் அவனாகவே ஒரு வரி சேர்த்திருந்தான்: "இதை ராத்திரி 11 மணிக்குமேல் செய்ய வேண்டாம், பேக்கப் ஓடும், சர்வீஸ் திரும்ப எழ 20 நிமிடம் ஆகும், அதற்குள் எல்லாரும் போன் பண்ணுவார்கள்." எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "போன செவ்வாய்க்கிழமை சார்" என்றான்.